மணிவிழா காணும் சைக்கிள் அன்பருக்கு ஏற்ற பரிசு

முன்னுரை

பரிசு கொடுப்பது எளிது. ஏற்ற பரிசைக் கொடுப்பது அரிது. ஒருவருக்கு நன்மை செய்யப் புகும்போதும், அவருடைய இயல்பை அறியாமல் செய்தால் அந்த நன்மையிலும் குற்றம் நேரும் என்று வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். இந்த எச்சரிக்கை பெரிய அரசியல் காரியங்களுக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அறுபதாம் ஆண்டு நிறைவு வரும்போது என்ன வாங்கிக் கொடுப்பது என்னும் சிறிய கேள்விக்கும் உரியதே ஆகும்.

அந்தப் பெரியவர் நாற்பது ஆண்டுகளாகச் சைக்கிளை விட்டு இறங்காதவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தரத் தக்க பரிசு எது? இதனை வரலாறு, இயற்பியல், உடல்நலம் ஆகிய மூன்றின் துணைகொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அறுபதின் சிறப்பு

தமிழர் ஆண்டுக் கணக்கில் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் உள்ளன. வியாழன் ஞாயிற்றை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழப் 12 ஆண்டுகளும், சனி சுற்றி வர ஏறத்தாழ 30 ஆண்டுகளும் ஆகின்றன. இவ்விரண்டு எண்களின் பொது மடங்கு 60. எனவே அறுபது ஆண்டு நிறைந்தவருக்கு அவர் பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வருகிறது. 1965 ஏப்ரலில் தொடங்கிய விசுவாவசு ஆண்டில் பிறந்தவர்கள் 2025 ஏப்ரலில் மீண்டும் விசுவாவசுவைக் கண்டார்கள். ஒரு சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றி மறு சுற்றைத் தொடங்குகிறது என்பதே மணிவிழாவின் பொருள்.

இங்கு நாம் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மணிவிழா என்பது தொடக்க விழாவுமாகும். ஆனால் நம்மில் பலர் அதனை ஓய்வு விழாவாக மட்டுமே கருதுகிறோம். "இனிமேல் எதற்கு அப்பா உங்களுக்குச் சைக்கிள்?" என்று கேட்கும் பிள்ளைகள் அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் கேட்பவரின் காதில் அது வேறாக விழுகிறது.

தந்தை அல்லர், தாயே சைக்கிள் அன்பராக இருப்பதும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தின்போது சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றனர். அப்போது இருபத்தைந்து வயதில் கற்றவர்களுக்கு இப்போது அறுபது வயது ஆகிறது. பிறர் துணையை எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் போய்வரும் உரிமையை அவர்களுக்குத் தந்த ஊர்தி அது. அத்தகைய ஒருவரிடமிருந்து அதனைப் பறித்துவிட்டு வேறு எதைக் கொடுத்தாலும் அது ஈடாகாது.

வரலாறு கூறும் பாடம்

1817இல் ஜெர்மனி நாட்டின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரு சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் செல்ல வேண்டும். 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட 'ரோவர்' வண்டியை அமைத்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வடிவம் அதிலிருந்து வந்ததே.

நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது இதன் பின் நிகழ்ந்த ஒரு செய்தி. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் வாழ்ந்தார். அவருடைய சிறு மகன் தன் மூன்று சக்கர வண்டியைக் கரடுமுரடான பாதையில் ஓட்டும்போது குலுக்கலால் துன்புற்றான். தந்தை அவனுக்குப் புதிய வண்டி வாங்கிக் கொடுக்கவில்லை. ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். காற்றடைத்த டயருக்கு அவருக்கு முன்பே, 1840களில், ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆயினும் உலகெங்கும் சைக்கிளுக்கு அது பரவியது டன்லப்பின் முயற்சிக்குப் பிறகே ஆகும்.

சைக்கிள் வரலாற்றின் மிகச் சிறந்த பரிசுகளுள் ஒன்று, இருந்த வண்டியில் செய்த ஒரு மாற்றம்! ஓட்டுபவன் எங்கே துன்புறுகிறான் என்று தந்தை கவனித்தார். அந்தத் துன்பத்தை மட்டும் நீக்கினார். இதுவே நமக்கு வழிகாட்டும் விதியாகும்.

வழக்கமாகக் கொடுக்கப்படும் மூன்று பரிசுகள்

நம் வீடுகளில் இத்தகைய வேளையில் பெரும்பாலும் மூன்று யோசனைகள் எழுகின்றன. முதலாவது, மொபெட் அல்லது ஸ்கூட்டர். சைக்கிளை வறுமையின் அடையாளம் என்று எண்ணுவோர் கூறும் யோசனை இது. விரும்பி ஓட்டுபவருக்கு இது பொருந்தாது. வேகம் கூடிய வண்டியை அறுபது வயதில் புதிதாகப் பழகுவதும் எளிதன்று.

இரண்டாவது, வீட்டுக்குள் நிற்கும் உடற்பயிற்சிச் சைக்கிள். மருத்துவர் சொன்னால் அது பயனுள்ள கருவிதான். ஆனால் காலைக் காற்றும், வழியில் நின்று நாலு பேரிடம் பேசும் பேச்சும் அதில் இல்லை. சில மாதங்களில் அது துணி உலர்த்தும் கொடியாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, குனிந்து ஓட்டும் பந்தயச் சைக்கிள். பார்ப்பதற்கு அழகானது, கியர்கள் பல உண்டு. நிமிர்ந்து அமர்ந்தே பழகிய முதுகுக்கும் கழுத்துக்கும் அது தண்டனையாகலாம். உடலுக்குப் பொருந்துகிறதா என்று அவரையே ஏற்றி, ஓட்டிப் பார்க்கச் செய்யாமல் இவ்வகை வண்டியை வாங்கவே கூடாது.

மின்மோட்டார் துணைசெய்யும் சைக்கிள்கள் இப்போது கிடைக்கின்றன. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்டவை, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நம் நாட்டு விதிகளின்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. மேட்டுப் பாதையில் செல்வோருக்கும், மூட்டுவலி உள்ளோருக்கும் இது நல்ல துணை. ஆனால் எடை கூடியது. பாட்டரி தீர்ந்தால் அந்த எடையைத் தாமே மிதிக்க வேண்டும். அவரே விரும்பினாலன்றி இதனைத் திணிக்க வேண்டாம்.

முதலில் கவனியுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் அவரைக் கவனிக்க வேண்டும். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் காலைப் பின்புறமாகத் தூக்கிப் போடச் சிரமப்படுகிறாரா? பாலத்து மேட்டில் இறங்கித் தள்ளுகிறாரா? பின்னால் வரும் வண்டியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப முடிகிறதா? பொழுது சாய்ந்ததும் வெளியே போவதைத் தவிர்க்கிறாரா? மழைநாளில் பிரேக் பிடிக்கக் காலையும் தரையில் தேய்க்கிறாரா?

அடுத்து, அவர் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்காரரைக் கேளுங்கள். வீட்டாருக்குத் தெரியாத செய்திகள் அவருக்குத் தெரியும். எந்தச் சக்கரத்தில் அடிக்கடி கோட்டம் விழுகிறது, எத்தனை நாளாக ஓவராயில் செய்யவில்லை, பெரியவர் எதை மாற்ற ஆசைப்பட்டுச் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுகிறார் என்பவற்றை அவர் சொல்லிவிடுவார்.

கணக்குக் காட்டும் பரிசு

பாலத்து மேட்டில் இறங்கித் தள்ளுகிறார் என்று கண்டால், அதற்கு உரிய பரிசை எளிய கணக்கே காட்டும். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.24 மீட்டர். பெடல் அருகே உள்ள முன் பல்சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் பின்சக்கரம் 44/18, அதாவது 2.44 சுற்றுச் சுற்றும். வண்டி ஏறத்தாழ 5.48 மீட்டர் செல்லும்.

ஃப்ரீவீலை மட்டும் 22 பல் உள்ளதாக மாற்றினால் பின்சக்கரம் சரியாக 2 சுற்றுச் சுற்றும், வண்டி 4.48 மீட்டர் செல்லும். ஒரு மிதிக்குச் செல்லும் தூரம் குறைகிறது. ஆனால் அதே மேட்டில் காலால் கொடுக்க வேண்டிய விசையும் நூற்றுக்குப் 18 பங்கு குறைகிறது. நெம்புகோலுக்கு நாம் வகுப்பில் படித்த விதிதான் இது: விசையில் பெறும் ஆதாயத்தைத் தூரத்தில் ஈடுகட்டுகிறோம், செய்யும் வேலை மாறுவதில்லை.

நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் முன்பு மணிக்கு ஏறத்தாழ 19.7 கிலோமீட்டர் சென்றவர், இப்போது 16.1 கிலோமீட்டர் செல்வார். இதிலும் ஓர் ஆதாயம் உண்டு. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு ஆகும் தூரம், வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே வேகம் இந்த அளவு குறையும்போது அத்தூரம் மூன்றில் ஒரு பங்குபோலக் குறைந்துவிடும். சங்கிலியில் ஓரிரு கண்ணிகள் சேர்க்க நேரிடலாம். அதையும் சேர்த்தே பார்த்தாலும் செலவு புதிய சைக்கிளின் விலையில் சிறு பங்குதான்.

பாதுகாப்பு தரும் பரிசுகள்

பிரேக் கட்டைகள் நாளடைவில் இறுகிப் போகின்றன. முலாம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும். வண்டி நிற்க நெடுந்தூரம் ஆகும். கட்டைகளைப் புதுப்பித்தல் முதற்கடமை. வண்டியின் பிரேக் அமைப்பு இடங்கொடுக்குமானால் அலுமினிய ரிம்முக்கு மாறுவது மேலும் நன்று. ஈரத்தில் அதுவே நன்றாகப் பிடிக்கும்.

பழைய டைனமோ விளக்கு வண்டி நின்றால் அணைந்துவிடும். மின்னேற்றிக்கொள்ளும் எல்.இ.டி. விளக்கு நின்றாலும் எரியும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என இரண்டும் வேண்டும். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் புகும் ஒளி குறைகிறது. ஆகையால் அவர் பார்ப்பதற்கு மட்டுமின்றிப் பிறர் அவரைப் பார்ப்பதற்கும் விளக்கு தேவை. நம் நாட்டில் இடப்புறமாகச் செல்வதால் முந்தும் வண்டிகள் வலப்புறம் வருகின்றன. எனவே ஹேண்டில்பாரின் வலப்பக்கம் ஒரு சிறு கண்ணாடி பொருத்துதல் கழுத்துவலி உள்ளவருக்குப் பேருதவியாகும்.

சைக்கிள் ஓட்டுவோருக்குத் தலைக்கவசத்தை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. எனினும் தலையின் சுற்றளவை அளந்து சரியான அளவில் வாங்கித் தருவது நன்று. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. உள்ளிருக்கும் நுரைப்பொருள் நசுங்கியே அதிர்ச்சியைத் தாங்குகிறது, நசுங்கியது மீளாது.

தொடக்கூடாதவை

சில பொருள்களை மாற்றாமல் விடுவதே பரிசு. தோல் இருக்கை பல ஆண்டுப் பயன்பாட்டில் உடையவரின் உடலுக்கேற்பப் படிந்திருக்கும். அது பழையதாகத் தோன்றுகிறதே என்று கழற்றி எறிந்துவிட்டுப் பஞ்சு வைத்த புதிய இருக்கையைப் போட்டால் அவர் வாய்திறந்து குறை சொல்ல மாட்டார், உள்ளூர வருந்துவார். 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற தொழிற்சாலைகளிலிருந்து வந்த பழைய வண்டிகள் இன்றும் பல ஊர்களில் ஓடுகின்றன. அவற்றின் நிறத்தையும் பெயர் எழுத்தையும் அழித்துப் புதுப் பெயின்ட் அடிக்குமுன் உடையவரிடம் கேட்டாக வேண்டும்.

இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யலாம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். ஆனால் பல்லாண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றாமல், வாரத்துக்குச் சிறிது சிறிதாக உயர்த்துக. நின்றால் கால் தரையில் படவேண்டும் என்று அவர் விரும்பினால் அந்த விருப்பமே முடிவானது. காலைத் தூக்கிப் போட முடியாதவருக்கு நடுவில் பார் இல்லாத தாழ்ந்த சட்டம் கொண்ட வண்டி ஏற்றது. அதனைப் 'பெண்கள் சைக்கிள்' என்று கேலி செய்யாமல் இருப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

உண்மையைச் சொல்லும் கடமை

தலைச்சுற்றல், கண்புரை, கால் மரத்துப்போதல் போன்றவை இருந்தால் எந்தப் பரிசுக்கும் முன்னால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பரிசு. சமநிலை உண்மையிலேயே குன்றியிருந்தால் அதனை மறைக்காமல், மரியாதையோடு சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கான மூன்று சக்கரச் சைக்கிளும் உண்டு. ஆனால் மருத்துவர் தடுக்காத ஒருவரை, நம்முடைய அச்சத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக மட்டும் வண்டியிலிருந்து இறக்குவது முறையன்று. சைக்கிளை விட்டவர் பல வேளைகளில் கடைத்தெருவையும் நண்பர்களையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ஏற்ற பரிசு என்பது விலையால் அமைவதன்று, கவனிப்பால் அமைவது என்பது விளங்கும். மணிவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். திடீரென வியப்பூட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துச் சென்று பிரிக்காதீர்கள். அது இல்லாத காலைப் பொழுது அவருக்குத் துன்பம். அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சங்கிலி, ஃப்ரீவீல், பிரேக் கட்டை, விளக்கு ஆகியவற்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும்; பணத்தை நீங்கள் கொடுங்கள். கல்லூரி மாணவரின் கையிருப்பு குறைவாயினும், அண்ணன் தம்பி அக்காள் தங்கை சேர்ந்து போட்டால் முழு ஓவராயிலுக்குப் போதும்.

விழா முடிந்த மறுநாள் காலையில் நீங்களும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருடன் புறப்படுங்கள். அவர் எந்த மேட்டில் இறங்குவார், எந்த மரத்தடியில் நிற்பார், யாரைப் பார்த்து மணியடிப்பார் என்பதையெல்லாம் அன்று அறிந்துகொள்வீர்கள். எழுபதாம் ஆண்டு நிறைவுக்கு என்ன பரிசு தருவது என்று அப்போது எவரையும் கேட்க வேண்டியிராது.