நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: படியில் விழுந்த என் அண்ணனுக்கு எலும்பு முறிவில்லை என்று தனியார் வைத்தியசாலையில் அனுப்பிவிட்டார்கள். ஆறு கிழமைக்குப் பிறகுதான் முள்ளந்தண்டு முறிந்தது தெரிந்தது. இப்போது கால் மரத்துவிட்டது. நட்டஈடு கேட்கலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. ஆனால் வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம்.

பிழை நடந்ததைக் காட்டினால் மட்டும் போதாது. பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில், சிறுமியின் மூளைத்தண்டுக் கட்டியை நேரத்தோடு கண்டறியாதது கவனயீனம்தான் என்று ஏற்ற உயர் நீதிமன்றம், அதனால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 2001இல் நட்டஈட்டை மறுத்துவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று சாட்சி சொல்ல வேறொரு நிபுணர் வேண்டும். முதல் நாள் எக்ஸ்ரே படத்தையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவ சபை ஒழுக்க விசாரணைதான் செய்யும். பணத்துக்கு மாவட்ட நீதிமன்றம். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இந்தக் கிழமையே போங்கள்.