மலைச் சரிவும் மாந்தர் உடலும்

நீலமலையில் உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே இத்தலார் என்னும் ஊர் உள்ளது. அங்கு வாழும் படுகர், தொன்றுதொட்டு உழவர். அவர்தம் முன்னோர் சாமை, கொரலி, கேழ்வரகு, வாற்கோதுமை முதலியவற்றை விளைவித்தனர். விறகும் நீரும் சுமந்து மேடேறினர். தவசத்தை உரலிலிட்டுக் குத்தி உண்டனர். விளைந்த ஆண்டில் வயிறு நிரம்பும்; மழை பொய்த்த ஆண்டில் சுருங்கும்.

மனித உடலும் இத்தகைய நிறைவிலும் குறைவிலும் உருவாகியதே. இன்றைய மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகள் ஆயின. உழவு தோன்றியோ சுமார் 12,000 ஆண்டுகளே ஆயின. அதற்கு முன்னர் வேட்டையும் கிழங்கும் கனியுமே உணவு. அவை நாடோறும் கிட்டுவன அல்ல. ஆதலின், மிகுந்த உணவை உடல் கொழுப்பாக்கிச் சேமித்தது. ஒரு கிராம் மாப்பொருள் 4 கலோரி வெப்பம் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். சிறிய இடத்தில் பெரும்பொருள் வைக்கும் களஞ்சியம் அது. கொழுப்பைப் பழிப்போர், பஞ்ச காலத்தில் அது தாயையும் சேயையும் காத்த தொண்டினை மறந்துவிடுகின்றனர்.

பஞ்சத்தில் உதவிய இப்பண்பே, உணவு மலிந்த காலத்தில் நீரிழிவுக்கு ஏதுவாகலாம் என்று அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் நீல் 1962-இல் கூறினார். அக்கருத்தை ஏலாதாரும் உளர். எனினும் நோயின் பெருக்கம் ஐயத்திற்கு இடமற்றது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடி மக்கள் நீரிழிவுடையர் எனக் கணித்தது.

உழைப்புக் குறைவே உடற்பருமனுக்குக் காரணம் எனப் பலரும் எண்ணுவர். ஆப்பிரிக்காவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களை ஆராய்ந்தோர் 2012-இல் வியத்தகு செய்தி ஒன்றை வெளியிட்டனர். உடலளவைக் கருதி ஒப்பிடின், அம்மக்கள் நாடோறும் செலவிடும் ஆற்றல் மேலைநாட்டு நகரத்தார் செலவிடுவதை ஒத்தே இருந்தது! நடத்தல் நெஞ்சிற்கும் தசைக்கும் நன்று. ஆயினும் பருமனை ஆராய்வார் உண்கலத்தையும் நோக்குதல் வேண்டும்.

இத்தலாரில் அந்த உண்கலமே மாறிவிட்டது. ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைக்குத் தேயிலையைக் கொணர்ந்தனர். பின்னர்ச் சிறு உழவரும் அதனைப் பயிரிட்டனர். இவ்வூரில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையும் எழுந்தது. கொழுந்து விற்ற பணம் கைக்கு வந்தது. தீட்டிய அரிசியும் சர்க்கரையும் எண்ணெய்ப் பண்டமும் கடையிலிருந்து வந்தன. தவிடு நீங்கிய அரிசியில் நார்ப்பொருள் குறைவு. அது விரைவில் செரித்துக் குருதியில் சர்க்கரையை உயர்த்தும். பணம் வந்ததால் பிள்ளைகள் கல்வி பெற்றனர் என்பதும் உண்மையே.

புதுக்கதிரைத் தெய்வத்திற்குப் படைக்கும் தெவ்வ ஹப்பா என்னும் விழாவைப் படுகர் இன்றும் கொண்டாடுகின்றனர். அக்கதிர் விளைந்த நிலங்களுள் பலவற்றில் இப்போது தேயிலை நிற்கிறது.