காக்கிச் சட்டைக்காரர்களுக்கு ஒரு வகுப்பு

சபையிலிருந்து சிறை ஊழியத்துக்குப் போகிற நாம் கைதிகளைத்தான் பார்க்கப் போகிறோம். கிறிஸ்துமஸ் கேக், சோப்பு, துண்டு, பாட்டு, ஜெபம் எல்லாம் அவர்களுக்கு. வாசலில் நம் பையைச் சோதித்து, செல்போனை வாங்கி வைத்துவிட்டு, வெயிலில் கூடவே நடந்து வருகிற வார்டரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மதியம் நாம் கிளம்பிவிடுவோம். சாயங்காலம் எண்ணிக்கை எடுத்துப் பூட்டுவதும், நடுராத்திரியில் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினால் ஓடுவதும் அவர்தான். அதனால்தான் காவலர்களுக்கும் சிறை அதிகாரிகளுக்கும் நெறிமுறைத் தலைமை பற்றி வகுப்பெடுக்கும் சிறு குழுவில் சேர்ந்தேன்.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்த சார்லஸ் கோல்சன் 1974இல் சிறைக்குப் போய் ஏழு மாதம் இருந்துவிட்டு வந்து, 1976இல் பிரிசன் ஃபெல்லோஷிப்பைத் தொடங்கினார். சூப்பிரண்டு நிலையில் இருப்பவர்களுக்கென்றே அவ்வமைப்பு ‘வார்டன் எக்ஸ்சேஞ்ச்’ என்ற பயிற்சியை நடத்துகிறது. இங்கே வேலூரில் 1979இலிருந்து சிறை அதிகாரிகளுக்கான அரசு அகாடமியே இருக்கிறது. சட்டமும் விதியும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். அதை நாமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் மதத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் டியூட்டி உத்தரவால் வந்தவர்கள். எழுந்து போகும் உரிமை அவர்களுக்கு இல்லை. அங்கே ஜெபம் பண்ணுவது கட்டாயப்படுத்துவதுதான் என்பது என் எண்ணம். எங்கள் குழுவிலேயே இதில் சண்டை உண்டு. “நான் சர்ச்சிலிருந்து வருகிறேன், என் நம்பிக்கைதான் என்னை அனுப்பியது, ஆனால் உங்களை மாற்ற வரவில்லை” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். துண்டுப் பிரசுரம் கிடையாது. (நான் போதகர் இல்லை. ஆனாலும் டீ இடைவேளைக்குள் எல்லோருக்கும் ‘ஃபாதர்’ ஆகிவிடுவேன்.)

பைபிள் கதை சொல்வேன், கதையாக மட்டும். பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலர் கதைதான் எனக்குக் கைகொடுப்பது. இரவில் பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்துகொள்கிறது. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து அவர் தன்னைக் குத்திக்கொள்ள வாளை உருவுகிறார். பிரசங்கத்தில் இந்தக் கதை அவர் ஞானஸ்நானம் பெறுவதை நோக்கி ஓடும். வகுப்பில் நான் வாளோடு நிறுத்திவிடுவேன். ஏன் உருவினார்? கைதி தப்பினால் காவலரின் தலை போகும் காலம் அது. இந்தக் கதை வரும் அப்போஸ்தலர் நடபடிகள் நூலிலேயே 12ஆம் அதிகாரத்தில், பேதுரு தப்பியதற்காக ஏரோது காவலர்களைக் கொல்லச் சொல்கிறான். இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த தலைமைக் காவலர் ஒருவர், “இப்ப மட்டும் என்ன ஃபாதர்? பாராவுல நின்னவனுக்குத்தான் முதல் சஸ்பென்ஷன்” என்றார். அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்த ஹால் அதன்பிறகு பேச ஆரம்பித்தது.

நேர்மை, கருணை என்று பலகையில் எழுதிவிட்டு வகுப்பைத் தொடங்காதீர்கள். பயத்தைக் கேளுங்கள். கைதியை அடிக்கிற கைக்குப் பின்னால் பெரும்பாலும் பயம் இருக்கிறது: கும்பலைப் பற்றிய பயம், மெமோ பயம், உடன் வேலை செய்கிறவன் ‘இளகினவன்’ என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். கதையின் மிச்சத்தை அதன்பிறகு சொல்லலாம். அதே ராத்திரியில் அந்தக் காவலர் கைதிகளின் காயத்தைக் கழுவி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார்.

அதிகாரிகளுக்குத் தனி வகுப்பு வையுங்கள். ஜெயிலர் முன்வரிசையில் இருந்தால் காவலர் வாய் திறக்க மாட்டார். அதிகாரிகளிடம் நான் கேட்பது லீவு ரிஜிஸ்டரைத்தான். தீபாவளிக்கு யாருக்கு லீவு கிடைத்தது, யாருக்குத் தொடர்ந்து நைட் டியூட்டி விழுகிறது, அதிகாரி வீட்டு வேலைக்கு யார் போகிறார்? போலீஸில் ஆர்டர்லி முறையை ஒழிக்கும்படி 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டினால் சிலர் முகம் சுருங்கும், சுருங்கட்டும். சூப்பிரண்டு காவலரை ‘டேய்’ என்றால், காவலர் பிளாக்குக்குள் போய் அதையே இரண்டு மடங்காகச் சொல்லுவார். டியூட்டி பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டச் சொல்லுவேன். சின்னக் காரியம்தான், ஆனால் பத்து உபதேசத்தை விட வேலை செய்கிறது.

விதிகளைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் இரண்டு போதும். ஒருவரைத் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமையில் அடைக்கக் கூடாது என்கின்றன ஐநாவின் 2015 மண்டேலா விதிகள். சாதி பார்த்துச் சிறையில் வேலை பிரிப்பது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், 2024 அக்டோபரில். இரண்டாவதில் விவாதம் சூடாகும். தடுக்காதீர்கள்.

புதிதாக வந்தவனின் முதல் ராத்திரிக்கும் நேரம் ஒதுக்குங்கள். தற்கொலை எண்ணம் அதிகம் வருகிற நேரம் அது. எகிப்துச் சிறையில் யோசேப்பு, உடனிருந்தவர்களின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டான். அந்த ஒரு கேள்வியை ஒருவர் கைதியாகவும் ஒருவர் காவலராகவும் நடித்துப் பழகச் சொல்லுவேன். முதலில் சிரிப்பார்கள்.

கடைசியாக, குவார்ட்டர்ஸில் குடும்பங்களோடு ஒரு மாலைக் கூட்டம் வையுங்கள். “வீட்லயும் எண்ணிக்கை எடுக்கறாருங்க, பிள்ளைங்க வரிசையா நிக்கணும்” என்று ஒரு காவலரின் மனைவி சொன்னபோது அந்தக் காவலரே முதலில் சிரித்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்கு அதிகாரிகளை அழைக்க வேண்டாம்.