மார்கழிக் கோலமும் போகிக் காப்பும்: பிள்ளைகளோடு சேர்ந்து செய்வோம்



மார்கழி பிறந்தால் வாசல் தெளித்துக் கோலம் போடுவதும், போகி அன்று காப்புக் கட்டுவதும் நமக்குப் புதிதில்லை. பிறகு எதற்கு இதை ஒரு பாடமாக எழுதுகிறோம் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

குழுக் கூட்டங்களுக்காக நாங்கள் ஊர் ஊராக வரும்போது பார்க்கிறோம். நிலைப்படியில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. பத்தடி தள்ளி மாமரம் நிற்கிறது. காப்புக் கட்டும் சந்தையில் கட்டாக வந்துவிடுகிறது. பிள்ளைகளிடம் "இது என்ன பூ?" என்று கேட்டால், "பொங்கலுக்குக் கட்டுற பூ" என்கிறார்கள். பெயர் தெரியவில்லை. எங்கே முளைக்கும் என்றும் தெரியவில்லை. அம்மாவும் பாட்டியும் நமக்குக் காட்டிக் கொடுத்தது நம்மோடு நின்றுவிடக் கூடாது அல்லவா? அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அதற்கு நல்ல சமயம்.

1. செடியைக் காட்டுங்கள்

சேலம், நாமக்கல், ஈரோடு, கோவைப் பக்கம் காப்புக் கட்டில் முக்கியமானவை மூன்று: வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. சில ஊர்களில் மாவிலை, தும்பை, பிரண்டை, நாயுருவியும் சேர்ப்பார்கள்.

பூளைப்பூவைக் கூரைப்பூ, பொங்கப்பூ, சிறுபூளை என்றும் சொல்வோம். வரப்பிலும் தரிசிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல நிற்கும். காய்ந்தாலும் சீக்கிரம் உதிராது. ஆவாரை, மானாவாரி நிலத்திலும் சாலை ஓரத்திலும் மஞ்சளாகப் பூத்திருக்கும்.

பறிக்கும்போது ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்க. வேரோடு பிடுங்கக் கூடாது, நறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஒரே செடியை மொட்டையடிக்கக் கூடாது. விதை விழுந்தால்தானே அடுத்த வருசமும் பூ கிடைக்கும்?

2. கவனிக்க வேண்டியவை

பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே கூடப் போங்க. புதருக்குள் கை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க. மருந்து அடித்த வயலில் பறிக்க வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அரளி அழகாக இருந்தாலும் அதன் எல்லாப் பாகமும் விஷம். பார்த்தீனியமும் வெள்ளையாகப் பூக்கும். அது சிலருக்குத் தோலில் அரிப்பையும், மூச்சுத் தொந்தரவையும் கொடுக்கும். பூளைப்பூ என்று நினைத்து அதைப் பறித்துவிடாமல் இரண்டையும் பக்கத்தில் நின்று காட்டுங்க.

3. காப்பும் தோரணமும் கட்டும் முறை

காய்ந்த வாழைமட்டையைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்தால் நல்ல நார் கிடைக்கும். நைலான் கயிறு தேவையில்லை. ஒரு சாண் நீளத்துக்கு வேப்பங்கொத்தைப் பின்னால் வைத்து, முன்னால் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்து இறுக்கிக் கட்டுங்க. பிள்ளை பிடித்துக்கொள்ள நாம் கட்டலாம். நாலு கட்டுக்கு மேல் பிள்ளையே கட்டும்.

வாசல், மாட்டுக் கொட்டகை, கிணறு, வயல் மூலை என்று எங்கெங்கே கட்டுகிறோமோ அங்கெல்லாம் பிள்ளையையும் கூட்டிப் போங்க.

மாவிலைத் தோரணத்துக்கு, காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடக்கி ஈர்க்குச்சியால் குத்தினால் போதும். ஓலையில் கிளி, காற்றாடி செய்யத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைங்க. ஆனால் இதற்காகத் தென்னங்குருத்தை வெட்ட வேண்டாம். மரத்துக்கு அது பெரிய அடி. அடியில் இருக்கும் பச்சை ஓலையே போதும்.

4. கோலத்தில் கணக்கு

ஊடுபுள்ளிக் கோலம் 7 புள்ளியில் தொடங்கி 4 வரை வைக்கிறோம். மொத்தம் எத்தனை புள்ளி? 4, 5, 6, 7, 6, 5, 4. கூட்டினால் 37. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாசலிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடும். பெண் பிள்ளைக்கு மட்டும் கோலம் என்று வைக்காதீங்க. பையன் கையிலும் மாவைக் கொடுங்க.

பச்சரிசி மாவு என்றால் எறும்புக்கும் குருவிக்கும் இரை. கல்மாவு என்றால் தூசியைப் பிள்ளைகள் மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்ணத்துக்கு மஞ்சள்தூள், செம்மண், செங்கல்தூள், கரித்தூள், காய்ந்த இலைப்பொடி எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

சாணி உருண்டையில் பூசணிப்பூ வைக்கும் வழக்கமும் உண்டு. பூவின் அடியில் சின்னப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. பறித்தால் ஒரு காய் போச்சு. பிஞ்சு இல்லாத ஆண் பூவைப் பறிங்க. அதிலும் மகரந்தத்துக்காகச் சிலவற்றைக் கொடியிலேயே விடுங்க. கையில் புண் உள்ள பிள்ளைகள் சாணியைத் தொட வேண்டாம். மற்றவர்கள் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் இந்த உருண்டைகளைக் காயவைத்து எடுத்து வைத்து, பெண் பிள்ளைகள் மண்ணால் சின்ன வீடு கட்டிச் சிறுவீட்டுப் பொங்கல் வைப்பார்கள். பிறகு பூவை ஆற்றில் கரைப்பார்கள்.

5. யாரும் தள்ளி நிற்க வேண்டாம்

இது முக்கியமான விஷயம். கணவரை இழந்த நம் சகோதரிகள் பலர் நல்ல காரியம் என்றாலே ஒதுங்கி நிற்கிறார்கள். அம்மா ஒதுங்கினால் பிள்ளையும் ஒதுங்குகிறது. குழுக் கணக்கை எழுத, வங்கிக்குப் போக, கடன் வாங்கிக் கொடுக்க அவர்கள் கை வேண்டும். காப்புக் கட்ட மட்டும் அந்தக் கை ஆகாதா? சேர்ந்து செய்யும் இடத்தில் நாரையும் பூவையும் முதலில் அவர்கள் கையில் கொடுங்க. கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வீடுகளுக்கும் இதே வைக்கோல், மூங்கில் குச்சி, ஓலைதான். ஒருவர் வீட்டு வேலைக்கு இன்னொருவர் பிள்ளை போகட்டும்.

6. முடிந்த பிறகு

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. பிளாஸ்டிக் கொடியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பழைய பிளாஸ்டிக்கையும் டயரையும் போகியில் கொளுத்தினால் அந்தப் புகையை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும். காய்ந்த காப்பும் தோரணமும் எருக்குழிக்குப் போனால் உரம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

வேலைக்குப் போய்வரும் நமக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் ஒரே ஒரு சாயங்காலம் கேட்கிறோம். அந்த ஒரு மணி நேரம் "படி, எழுது" என்று அதட்டாமல் பிள்ளையோடு உட்கார்ந்திருங்க. கட்டு கோணலாக இருந்தாலும் அவிழ்த்துக் கட்டாதீங்க. பிள்ளை கட்டியது வாசலில் தொங்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. காப்புக் கட்டில் சேரும் செடிகளில் எத்தனை நம் ஊரிலேயே கிடைக்கிறது? எது குறைந்துவிட்டது?
2. தோரணத்துக்கும் கலர் பொடிக்கும் போன வருசம் நம் குழுவில் மொத்தம் எவ்வளவு செலவானது? எழுதிக் கூட்டுங்கள்.
3. ஓலை பின்னவும் கோலம் போடவும் சொல்லிக் கொடுக்கக்கூடிய பெரியவர்கள் யார் யார்?
4. இதுவரை ஒதுங்கி நின்ற சகோதரி யாராவது நம் குழுவில் உண்டா? இந்த வருசம் அவரைக் கூப்பிடப் போவது யார்?

பொங்கல் முடிந்து வரும் கூட்டத்தில், உங்கள் பிள்ளைகள் எத்தனை செடியின் பெயரைச் சொல்கிறார்கள் என்று எங்களுக்கும் சொல்லுங்க. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துக்கள்.