நாலு மணிக்குப் பிறகும் பள்ளிக்கூடம் நமக்காகத்தான்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் நம்மில் பலர் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. சிலர் வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கிறோம். பள்ளிக்கூடமோ நாலு மணிக்கு மேல் விட்டுவிடும். அதன்பிறகு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பெண் பிள்ளை அடுப்பைப் பார்க்கிறாள், தம்பியைத் தூக்குகிறாள், இல்லாவிட்டால் அம்மாவோடு உட்கார்ந்து ஊசி பிடிக்கிறாள். பையன் தெருவில் சுற்றுகிறான். மே மாதம் முழுக்க இதே நிலைதான். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை மேலும் பின்தங்கி, ஒருநாள் பள்ளியை விட்டே நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் கரும்பலகையும் விளக்கும் உள்ள பள்ளிக் கட்டிடம் பூட்டிக் கிடக்கிறது.

மாலை வகுப்பால் பலன் உண்டா?

உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர்கள் உள்ளூர் தன்னார்வலர்கள், பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய்.

கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த 6 மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அந்த முன்னேற்றத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளைக்குப் படிப்பு வரும் என்பதற்கு இதுவே சாட்சி.

கட்டிடத்தை யாரிடம் கேட்பது?

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஆகவே தயங்காமல் கேட்கலாம்.

1. குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த நேரம், யார் சொல்லிக்கொடுப்பார் என்பது அதில் இருக்கணும்.
2. கூட்டமைப்பு மூலம் தலைமை ஆசிரியரிடமும் மேலாண்மைக் குழுவிடமும் மனு கொடுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.
3. கோடை வகுப்புக்கு மார்ச் 22 கிராம சபையிலேயே பேசுங்கள். மே 1 வரை காத்திருந்தால் லீவு பாதி போய்விடும்.
4. சாவி யாரிடம், கூட்டிப் பெருக்குவது யார், கரண்ட் செலவு யாருடையது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் தகராறு இங்கேதான் வரும்.

வகுப்பு எப்படி நடக்கணும்?

ஒருவருக்கு 20 பிள்ளைகள் போதும். வகுப்பை வைத்துப் பிரிக்காமல், எழுத்துக் கூட்டுபவர்கள், வாக்கியம் வாசிப்பவர்கள் என்று வாசிக்கும் திறனை வைத்து உட்கார வையுங்கள். கதை, கணக்கு, விளையாட்டு மூன்றும் வேண்டும். நம் வேலூர்ப் பக்கத்து மே வெயில் தெரிந்ததுதானே! கோடையில் காலை 8 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எப்போதும் இரண்டு பெண்களாவது கூட இருக்கணும். கழிப்பறை திறந்திருக்கணும். பிள்ளையை யார் அழைத்துப் போகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். ஆபத்து என்றால் 1098க்குப் போன் செய்யலாம்.

செலவுக்கு வீட்டுக்கு 50 ரூபாய் என்றால் 20 பிள்ளைக்கு 1,000 ரூபாய் ஆகும். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். வகுப்பு அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் தேவை.

குழுவில் பேசுவோம்

• நம் தெருவில் மாலை 4 முதல் 7 வரை பெரியவர் துணையில்லாத பிள்ளைகள் எத்தனை பேர்?
• பன்னிரண்டாவது முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள் யார் யார்?
• நம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் உறுப்பினர் யாராவது இருக்கிறார்களா?

பதிலை எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து போய் மனு கொடுப்போம்.