விளையாட்டுக் கழகமும் மனித இயல்பும்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது. உள்ளத்துக்கு உவகை தருவது. இதனை யாவரும் அறிவர். ஆயின், விளையாடுவோர் பலர் ஒன்றுகூடிக் கழகமாக அமையும்போது அங்கே மூன்றாவதொரு பொருள் தோன்றுகின்றது. தலைவர், செயலாளர், பொருளாளர், பயிற்றுநர், ஆட்டக்காரர் ஆகியோர் ஒருவரோடொருவர் ஒழுகும் முறையே அது. அம்முறை செம்மையாயின் கழகம் வாழும். பிழைபடின், திறமை மிக்கோர் பலர் இருந்தும் கழகம் வீழும். இதனை ‘நிறுவன நடத்தை’ எனத் தனித்துறையாக வகுத்து அறிஞர் ஆராய்கின்றனர். அத்துறையின் சில கூறுகளை ஈண்டு எளிமையாக நோக்குவோம்.

மலையகத் தோட்டங்களிலும் ஊர்களிலும் தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் ஊக்கத்தோடு தொடங்கப்பெறும் கழகங்கள் பல. ஓரிரு ஆண்டுகளில் பந்தும் வலையும் ஒருவர் வீட்டு மூலையில் கிடக்க, உறுப்பினர் பிரிந்துபோதலும் நாம் காண்பதே. காரணம் வினவினால், ‘அவன் சோம்பேறி’, ‘இவன் முன்கோபி’ என ஆள்மீது பழி சுமத்துவர். கேர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர், ஒருவரது நடத்தை அவருடைய இயல்பும் அவர் நிற்கும் சூழலும் சேர்ந்து விளைவிப்பது என 1936 இல் வகுத்துரைத்தார். பிறவி இயல்பை மாற்றுதல் அரிது. கழகத்தின் சூழலைத் திருத்துதல் நம் கையில் உள்ளது. இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு மேலே செல்வோம்.

மறையும் உழைப்பு

நம் இல்லப் போட்டிகளில் ஆரவாரம் மிகுந்தது கயிறிழுத்தல். பிரான்சு நாட்டு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் இதனையே அளந்து பார்த்தார். 1913 இல் வெளிவந்த அவருடைய முடிவுகளின்படி, தனியே இழுக்கும் ஒருவரின் ஆற்றலை 100 எனக் கொண்டால், இருவர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவர் பங்கும் ஏறத்தாழ 93, மூவராயின் 85, எண்மராயின் 49. ஆள் கூடக் கூட ஆளுக்குரிய உழைப்புக் குறைந்தது.

இழுக்கும் கணம் ஒன்றோடொன்று பொருந்தாமை இதற்கு ஒரு காரணம். ‘மற்றவர் இழுக்கின்றனர்’ என்னும் எண்ணத்தால் உள்ளம் தளர்தல் மற்றொரு காரணம். 1974 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்தனர். உண்மையில் அவர் ஒருவரே இழுத்தார். ஆயினும் அவரது வேகம் தணிந்தது. தன் உழைப்புத் தனியே தோன்றாத இடத்தில் நல்லவனும் சற்றே தளர்கின்றான் என்பது பெறப்படும். ஆகவே, ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்னும் தீர்மானம் எவரும் பார்க்காத வேலையாய் முடியும். கோடு போடுபவர் இவர், பந்துக்குப் பொறுப்பாளர் இவர் எனப் பெயர் குறித்து ஒப்படைத்தலும், செய்தவரைச் சபையில் பாராட்டுதலும் வேண்டும்.

தலைமையின் மூவகை

லெவினும் அவருடைய துணைவர் இருவரும் சிறுவர் கழகங்களில் மூவகைத் தலைமையை அமைத்து நோக்கி, 1939 இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல்வகைத் தலைவர் கட்டளை மட்டுமே இட்டார். இரண்டாம் வகையினர் சிறுவரோடு கலந்து முடிவெடுத்தார். மூன்றாம் வகையினர் எதனையும் கண்டுகொள்ளாது விட்டார். கட்டளைத் தலைவர் முன்னிலையில் வேலை நடந்தது. அவர் வெளியே சென்றதும் தளர்ந்தது. அங்கே சிறுவர் சிலர் சீற்றமும் சிலர் சோர்வும் கொண்டனர். கலந்து முடிவெடுத்த கழகத்திலோ, தலைவர் இல்லாதபோதும் வேலை தொடர்ந்தது. பயிற்றுநர் அகன்றபின் மைதானத்தில் யாது நிகழ்கின்றது என்பதே அவரது தலைமைக்கு உரைகல் எனலாம்.

தேர்தலும் காத்தலும்

திருக்குறளில் ‘தெரிந்துவினையாடல்’ என ஓர் அதிகாரம் உண்டு. தக்கானைத் தெரிந்து தக்க வினையில் அமர்த்துதல் அதன் பொருள். இதற்கு நம் கண்டியே சான்று தருகின்றது. தேயிலைத் தோட்டத்தில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரரான முத்தையா முரளிதரன் 1972 இல் கண்டியிற் பிறந்தவர். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார். அவருடைய பதினான்காம் வயதில், சுழற்பந்து வீசுமாறு அறிவுரை கூறினார் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. மாணவனை உற்றுநோக்கிய ஓர் ஆசிரியரின் சொல், ஒரு நாட்டின் துடுப்பாட்ட வரலாற்றையே திருப்பியது.

தேர்ந்தெடுத்தல் மட்டும் போதாது. இடர் வருங்கால் காத்தலும் வேண்டும். 1995 டிசம்பர் 26 ஆம் நாள் மெல்பேணில், நடுவர் டரல் ஹெயார் முரளிதரனின் பந்துகளை மூன்று ஓவர்களுக்குள் ஏழுமுறை ‘நோ போல்’ என அறிவித்தார். பல்லாயிரவர் பார்த்திருக்க ஓர் இளைஞனுக்கு நேர்ந்த தலைகுனிவு அது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை ஒதுக்கிவிடாது மறுமுனையிலிருந்து வீசச் செய்தார். பின்னர், 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நடந்த சோதனைகள், பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கை கண்ணுக்குத் தோற்றமயக்கம் தருகின்றது எனக் காட்டின.

1999 ஜனவரி 23 இல் அடிலெயிட்டில் வேறொரு நடுவர் மீண்டும் அவ்வாறே அறிவிக்க, ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார், ஆட்டம் தடைப்பட்டது. அச்செயலுக்காக அவர் தண்டமும் ஏற்றார். நடுவரோடு வாதாடுதலை மாணவர் இதிலிருந்து கற்கவேண்டியதில்லை. ‘என்னைக் கைவிடார்’ என்னும் நம்பிக்கை ஒருவனை எத்துணை உயர்த்தும் என்பதையே கற்றல் வேண்டும். உரத்த குரலோடு அறிவியற் சான்றும் சேர்ந்தே அவரைக் காத்தது. 2010 ஜூலை 22 இல் காலியில் முரளிதரன் தமது 800 ஆவது டெஸ்ட் இலக்கைக் கைப்பற்றி டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வுபெற்றார்.

போட்டியும் பகையும்

1954 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒரு கோடைகால முகாமில், முசாபர் ஷெரிப் என்பார் பதினொரு வயதளவான 22 சிறுவரை இரு குழுவாக்கினார். கயிறிழுத்தல் முதலிய போட்டிகள் தொடங்கியதும் பகை மூண்டது. ஒரு குழுவின் கொடியை மறு குழு எரித்தது. இரு குழுவையும் ஒன்றாக உண்ணச் செய்தும் பகை தணியவில்லை. உணவையே ஒருவர்மீது ஒருவர் வீசினர். பின்னர், உணவு கொண்டுவர வேண்டிய வண்டி நின்றுபோக, கயிறிழுத்தலுக்குப் பயன்பட்ட அதே கயிற்றைக் கட்டி இரு குழுவினரும் சேர்ந்து இழுத்தனர். இத்தகைய பொதுப்பணிகள் சிலவற்றின் பின்னரே பகை கரைந்தது.

திகன மக்களாகிய நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2018 மார்ச் மாதத்தில் இங்கும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மூவின இளைஞரை எதிரெதிர் அணிகளாக நிறுத்தி, ஆண்டுக்கொரு நட்புறவுப் போட்டி நடத்துவதால் மட்டும் நட்பு விளைந்துவிடாது. அணிகளைக் கலந்து அமைத்தல் வேண்டும். மைதானத்தைத் துப்புரவாக்கல், மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டுதல் போன்ற பணிகளில் அவர்கள் ஒரே கயிற்றை ஒரே திசையில் இழுத்தல் வேண்டும்.

நிருவாகத்தின் பொறுப்பு

நிருவாகத்தின் பிணக்கு ஆட்டக்காரரையே சென்று தாக்கும். 2023 நவம்பர் 10 இல், அரசுத் தலையீட்டைக் காரணங்காட்டிச் சர்வதேசக் கிரிக்கெட் சபை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி 28 இல் அது நீக்கப்பட்டது. ஆயின் இதற்கிடையில், இலங்கையில் நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. பெரியோர் பிணங்க, தாய்மண்ணில் ஆடும் பேற்றை இழந்தோர் சிறுவரே. ஊர்க் கழகத்துக்கும் இது பொருந்தும். கணக்கை ஒளிக்காது காட்டலும், பொதுக்கூட்டத்தைத் தவறாது கூட்டலும், தெரிவுக்குழுவில் உறவு பாராதிருத்தலும் ஆட்டக்காரனின் ஊக்கத்துக்கு அடிப்படைகளாம்.

முடிவுரை

பொறுப்புப் பெயர் குறித்து அளிக்கப்படல், கருத்துக் கேட்கப்படல், திறமை தெரிந்து அமர்த்தப்படல், இடரில் கைவிடப்படாமை, மாற்றாரோடும் பொதுப்பணியில் இணைதல், நேர்மையான நிருவாகம் ஆகிய ஆறும் உள்ள இடத்தில் ‘சோம்பேறி’ எனப்பட்டவனும் விடியலில் எழுந்து மைதானத்துக்கு வருவான். இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்கும் தோட்டத்துச் சிறுவனுக்கு, அவனை உறுப்பினன் என அழைக்கும் அமைப்பு அவ்வூர்க் கழகம் ஒன்றாகவே இருத்தல் கூடும். அது கலையுமாயின் அவன் சென்று சேரும் இடம் எதுவெனப் பெற்றோர் அறிவர்.

பழைய மாணவர்களே! நுங்கள் ஊர்களில் கழகங்களின் போசகராகவும் தலைவராகவும் விளங்குவோர் நும்முள் பலர். கிண்ணம் வழங்கும் நாளில் மேடையேறுவதோடு அமையாது, பயிற்சி நாளில் ஒருமுறை மைதானத்துக்குச் சென்று, மூலையில் தனித்து நிற்கும் சிறுவனின் பெயரைக் கேட்டறியுங்கள். கல்லூரி அன்னைக்கு இவ்விழாவில் நாம் சூட்டும் நன்மலர் அதுவேயாகும்.