மாரி தொடங்குகிறது: மாட்டின் தோலில் முடிச்சுக் கண்டால் செய்ய வேண்டியவை

ஐப்பசி மழை விழுந்ததும் தீவகத்துத் தரவைகளிலும் தென்மராட்சி வயல்வெளிகளிலும் தண்ணீர் தேங்கும். அடுத்த சில வாரங்களில் நுளம்பும் மாட்டிலையானும் பெருகும். மாடுகளைத் தாக்கும் தோல் கழலை நோய், அதாவது லம்பி நோய், பரவ வசதியான காலம் இதுதான். நோய் ஒரு மாட்டில் இருந்து இன்னொரு மாட்டுக்குப் போவது பெரும்பாலும் இரத்தம் குடிக்கும் பூச்சிகளின் வாயில் ஒட்டிக்கொண்டுதான். உண்ணிக்கும் இதில் பங்குண்டு.

2019இல் ஒடிசாவில் தலைகாட்டிய இந்த நோய், 2020இன் பிற்பகுதியில் எங்கள் வட மாகாணத்துக்கு வந்தது. 2023இல் வடமேல் மாகாணத்தையும் தாக்கியது. நோய் கண்ட மாடுகளில் இறப்பவை பொதுவாகக் குறைவு. ஆனால் பால் வற்றுவதும், சினை கலைவதும், நாம்பன்கள் மாதக்கணக்கில் மெலிந்து கிடப்பதும் இரண்டு மாடுகளை நம்பியிருக்கும் குடும்பத்துக்குப் பேரிழப்பு. நேரத்தோடு இனங்கண்டால் அடுத்த கொட்டிலையாவது காப்பாற்றலாம்.

1. முடிச்சுக்கு முன் காய்ச்சல்

முடிச்சு தெரிவதற்கு முன்பே காய்ச்சல் வந்துவிடும். இந்தப் பருவத்தில் கொட்டிலில் ஒரு தேமாமீற்றர் இருக்கட்டும். காலையில், வெயில் ஏறுமுன், அதன் நுனியை மலவாயின் உட்சுவரில் படும்படி வைத்துப் பாருங்கள். நல்ல மாட்டுக்கு 38 முதல் 39.3 பாகை செல்சியஸ் வரை இருக்கும். லம்பியில் 41ஐயும் தாண்டலாம். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், தீனி எடுக்காமை, பால் திடீரென இறங்குதல் ஆகியவை கூட வரும். முன்னந்தோளுக்கு முன்பாகவும் பின்தொடைக்கு முன்பாகவும் தோலுக்கடியில் நெறிகட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

2. கையால் தொட்டுப் பாருங்கள்

கழுத்து, முகம், மடி, வாலடி, கால் ஆகிய இடங்களை மெதுவாகத் தடவுங்கள். லம்பி முடிச்சு உருண்டையாக, இறுக்கமாக, விளிம்பு தெளிவாக இருக்கும். அகலம் பெரும்பாலும் 2 முதல் 5 சென்ரிமீற்றர். தோலை இரு விரலால் பிடித்துத் தூக்கினால் முடிச்சும் கூடவே எழும்பும். தோலின் முழுத் தடிப்பிலும் அது ஊறியிருப்பதே காரணம். நாட்பட நடுப்பகுதி கறுத்துக் காய்ந்து, ஓரம் பிரிந்து, தக்கைபோலக் கழன்று விழும். அவ்விடத்தில் ஆழமான குழிப்புண் நிற்கும்.

3. எல்லா வீக்கமும் லம்பி ஆகாது

* சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, ஓரிரு நாளில் தானாக அடங்கினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம்.
* காய்ச்சல் இல்லாமல் பூக்கோவாபோலச் சொரசொரப்பாக வளர்ந்தால் பாலுண்ணி.
* மயிர் உதிர்ந்து, வட்டமாகச் சாம்பல் பூத்த செதில் இருந்தால் படர்தாமரை.
* வாயில் கொப்புளம், எச்சில் வடிதல், குளம்பிடுக்கில் புண், நொண்டல் சேர்ந்து வந்தால் கால்வாய் நோயைச் சந்தேகியுங்கள். அதையும் உடனே அறிவிக்க வேண்டும்.
* முடிச்சு மேல்தோலோடு நின்று, மாடும் சோராமல், விரைவில் ஆறினால் அது லம்பியைப் போலவே தோன்றும் வேறொரு வைரசாக இருக்கலாம். இதைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம்.

4. ஆடு வைத்திருப்போருக்கு

லம்பி மாட்டுக்கும் எருமைக்கும் வரும் நோய். ஆட்டுக்குட்டியின் உதட்டிலும் மூக்கோரத்திலும் தடித்த பொருக்குக் கட்டினால், ஓர்ஃப் எனப்படும் வாய்ப்புண்ணாக இருக்கலாம். பால் கொடுக்கும் தாயாட்டின் காம்பிலும் அது தொற்றும். முள்ளுள்ள குழை குத்திய காயத்தின் வழியே வைரசு எளிதில் நுழையும். லம்பி மனிதருக்குத் தொற்றாது. ஓர்ஃப் தொற்றும். கையுறை இல்லாமல் பொருக்கைத் தொடவோ உரிக்கவோ வேண்டாம்.

பார்வையை மட்டும் நம்பாமல் ஆய்வுகூடத்தை நாடுங்கள்.

5. மாதிரி கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

உறுதியான பதிலை பி.சி.ஆர் பரிசோதனை தரும். முடிச்சுத் தோலையும் பொருக்கையும் இரத்தத்தையும் கால்நடை வைத்தியரே எடுப்பார். இரத்தத்தில் வைரசு சில வாரங்களே இருக்கும். தோலில் அதைவிட நீண்டநாள் நிற்கும். அவர் வருமுன் முடிச்சின்மேல் வேப்பெண்ணெயோ மஞ்சளோ ஊதா மருந்தோ பூசாதீர்கள். முடிச்சைக் கீறவும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் இரண்டு படம் எடுங்கள்: ஒன்று முழு மாடு, மற்றது முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து. காய்ச்சல் தொடங்கிய நாளையும் அளவையும் எழுதி வையுங்கள்.

6. வைத்தியர் வரும்வரை

* சந்தேகமான மாட்டைத் தனியே கட்டுங்கள். தரவைக்கு அவிழ்க்க வேண்டாம். கடைசியாகப் பால் கறந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
* மாலையில் வேப்பங்குழைப் புகை போடுங்கள். முடிந்தால் நுளம்பு வலை கட்டுங்கள். சாணக்கும்பியைக் கொட்டிலிலிருந்து தள்ளி வைத்து மூடுங்கள். தேங்கிய நீரை வடிய விடுங்கள்.
* ஒரே ஊசியால் இரண்டு மாட்டுக்கு மருந்து ஏற்ற இடங்கொடுக்க வேண்டாம்.
* அன்ரிபயோட்டிக் வைரசைக் கொல்லாது. புண்ணில் சேரும் பிற கிருமிக்குத்தான் அது. தேவையா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.
* விழுந்த பொருக்குகளைப் பொறுக்கி எரியுங்கள். காய்ந்த பொருக்கில் வைரசு ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும்.
* பாலை நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள்.

7. மாடு வாங்குவோருக்கும் விற்போருக்கும்

வன்னியிலிருந்து ஆனையிறவு வழியாகவோ சங்குப்பிட்டி வழியாகவோ மாடு கொண்டு வருவோர் அனுமதிப் பத்திரமும் வைத்தியரின் சான்றும் இல்லாமல் ஏற்ற வேண்டாம். புது மாட்டை 28 நாள் தனியே வைத்துப் பாருங்கள். நோய் வெளித்தெரிய அவ்வளவு நாளும் எடுக்கலாம். முடிச்சுள்ள மாட்டை அவசரப்பட்டு விற்றால் நோய் வாங்கியவரின் ஊருக்குப் போகும். கட்டாக்காலியாகத் திரியும் மாட்டில் கண்டாலும் கிராம சேவகரிடம் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்த அன்றே உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பெயர் கெட்டுவிடும், பால் எடுக்க மாட்டார்கள் என்று மறைக்க வேண்டாம். பக்கத்துக் கொட்டில்காரருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் தன் மாட்டைக் கட்டிவைத்துக் காய்ச்சல் பார்க்க அதுவே போதும்.